தாயும் தண்ணீரும்



நந்தி மலையில் தோன்றும் தென்பெண்ணை, தமிழகத்தில் நுழைந்ததும் ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் தங்கிச் செல்கிறது. அந்த அணை நீரில் வெண்ணுரை திரண்டு பொங்குவதை நான் பார்த்திருக்கிறேன். ஆற்றின் மேற்பகுதியில் உள்ள பெருநகரின் கழிவுகளே அதற்குக் காரணம். நுரையைக் கண்டவர் அந்நீரைப் பருகத் துணியார். ஆனால், தெளிந்த நீரிலும் கண்ணுக்குப் புலப்படாத பகை மறைந்திருக்கலாம். அதைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

1955ஆம் ஆண்டின் இறுதியில் டில்லி மாநகரில் நேர்ந்ததைக் கேளுங்கள். யமுனையின் போக்கு மாறியதால், நஜப்கர் வடிகாலின் சாக்கடை நீர், வஜீராபாத்தில் குடிநீர் எடுக்கும் இடத்தை எட்டிவிட்டது. குளோரினை மிகுதியாகக் கலந்தார்கள். டைபாய்டு பெருகவில்லை, ஆனால் சில வாரங்களில் ஏறத்தாழ 29,000 பேருக்கு மஞ்சட் காமாலை கண்டது. கர்ப்பிணிகளிடம் நோய் மிகக் கடுமையாக இருந்தது. சேமித்து வைத்திருந்த இரத்தத்தைப் பல ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்தபோது, அது அதுவரை அறியப்படாத ஒரு வைரஸின் வேலை என்பது புலனாயிற்று. அந்நோயே இன்று ஹெபடைடிஸ் 'இ' எனப்படுகிறது.

நோயாளியின் மலத்தோடு வெளியேறும் இந்த வைரஸ், நீரின் வழியே பிறர் வயிற்றை அடைந்து கல்லீரலைத் தாக்குகிறது. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் சில வாரங்களில் தணிந்துவிடும். கருவுற்ற தாய்க்கோ, குறிப்பாகக் கடைசி மூன்று மாதங்களில், கல்லீரல் செயலிழக்கக் கூடும். அக்காலத்தில் நோயுற்றோரில் 100க்கு 20 முதல் 25 பேர் வரை இறக்க நேரிடலாம். 37 வாரம் நிறையுமுன் குறைப்பிரசவம் ஆவதும், கருவிலேயே குழந்தை மடிவதும் உண்டு. முதிராத நுரையீரலோடு பிறக்கும் சிசுவுக்கு மூச்சு விடுவதே போராட்டமாகிவிடுகிறது.

ஓசூரைப் போல் விரைந்து வளரும் தொழில் நகரங்களில் இதை நாம் மறத்தலாகாது. சாக்கடைக்கு அருகே செல்லும் குடிநீர்க் குழாயில் சிறு விரிசல் விழுந்தாலே போதும், பகை உள்ளே புகுந்துவிடும்.

நீங்கள் செய்யக்கூடியது என்ன? உங்கள் அக்காளோ அண்ணியோ கருவுற்றிருந்தால், குமிழி விட்டுக் கொதித்து ஆறிய நீரையே அவர்கள் பருகச் செய்யுங்கள். கழிப்பறைக்குச் சென்று வந்தபின்னும், உணவைத் தொடுமுன்னும் சோப்பிட்டுக் கைகழுவுங்கள். கண்ணில் மஞ்சள் தோன்றினால், நாட்டு மருந்தை நம்பி நாளைக் கடத்தாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். கழிவு கலவாத குடிநீரை ஊருக்கு அளிப்பது ஆட்சியின் கடமை. அதைக் கேட்டுப் பெறுவது குடிமக்களின் கடமை. நாளைய குடிமக்களாகிய நீங்கள் அதை இன்றே உணர்வீர்களாக!