பிரேசில் கார்னிவல் பாடல்களில் நகைச்சுவை



நகைப்பு பிறக்கும் நிலைக்களன்கள் நான்கினுள் எள்ளலை முதலாவதாக வைத்தார் தொல்காப்பியர். அவ்வெள்ளல் யாரை நோக்கிச் செல்ல வேண்டும் என்பதற்குத் தொலைதூரத்துப் பிரேசில் நாட்டின் திருவிழாப் பாடல்கள் நல்ல சான்றாகும்.

கிறிஸ்தவர்களின் தவக்காலத்திற்கு முந்திய சில நாட்களை அந்நாட்டார் 'கார்னிவல்' எனக் கொண்டாடுகின்றனர். அவ்விழாவில் வீதிதோறும் பாடப்பெறும் துள்ளல் நடைச் சிறு பாட்டு 'மார்ஷின்யா' எனப்படும். 1899-ல் ஷிக்கின்யா கொன்சாகா என்னும் அம்மையார் ஒரு கார்னிவல் குழுவிற்காக இயற்றிய பாட்டே இதற்கு முன்னோடி என்பர். பின்னர் வானொலியும் இசைத்தட்டும் பரவவே, மார்ஷின்யாவும் சாம்பாவும் ஆண்டுதோறும் புதிது புதிதாகத் தோன்றலாயின. அவற்றுள் பலவற்றின் பொருள் ஏழை மக்களின் அன்றாடத் துன்பமே.

நான் ரயில்வே குமாஸ்தா. ஆதலின் 1941-ஆம் ஆண்டுச் சாம்பா ஒன்று என் நெஞ்சில் தைத்தது. ரயில் அரை மணி தாமதம். பிந்தி வந்த தொழிலாளி, ரயில்வேயார் எழுதிக் கொடுத்த குறிப்பை முதலாளியிடம் நீட்டி, "குடும்பஸ்தன் ஐயா, வேலையைப் பறிக்காதீர்கள்" என்னும் கருத்துப்பட மன்றாடுகிறான். ஊரே அதைப் பாடிச் சிரித்தது. எங்கள் பதிவேட்டில் தாமதம் என்பது ஒரு கட்டத்தில் நிரப்பும் எண். அப்பாட்டில் அது ஒரு வீட்டின் அடுப்பு.

1949-ல் கொத்தனார் வால்டெமாரைப் பற்றிய மார்ஷின்யா எழுந்தது. ஊராருக்கெல்லாம் வீடு கட்டுகிறான். அவனுக்குக் குடியிருக்க வீடில்லை. இங்கே நகைப்புக்கு இலக்கு அக்கொத்தனார் அல்லர். அவரை அந்நிலையில் வைத்த உலகமே.

ஆட்சியாளரும் தப்பவில்லை. 1930 முதல் 1945 வரை ஆண்ட ஜெட்டூலியோ வர்காஸ், 1939-ல் நிறுவிய பிரசாரத் துறையைக் கொண்டு பாடல்களையும் தணிக்கை செய்வித்தார். பதவியிழந்த அவர் 1950 தேர்தலில் வென்று மீண்டார். 1951 கார்னிவலில், கிழவரின் படத்தைப் பழைய இடத்திலேயே மாட்டச் சொல்லும் பாட்டு முழங்கியது. அது புகழ்ச்சியா, கிண்டலா? அன்பர் புகழ்ச்சியாகப் பாடலாம். அல்லாதார் கண் சிமிட்டிப் பாடலாம்.

ஆயினும் எல்லாப் பாட்டும் இவ்வாறு மேல்நோக்கி எய்த அம்பு அன்று. 1932-ல் பெரும்புகழ் பெற்ற மார்ஷின்யா ஒன்று, கலப்பினப் பெண்ணின் அழகைப் புகழ்வது போலத் தொடங்கி, அவளது நிறத்தைத் தொற்றுநோய்க்கு ஒப்பாகப் பேசுகிறது. அந்நாட்டில் அடிமை முறை ஒழிந்தது 1888-ல்தான். அடிமைப்பட்டோரின் பேத்திகளும் அவ்வீதிகளில் அதனைக் கேட்டு நின்றிருப்பர். 2017-ல் வீதிக் குழுக்கள் சில அப்பாட்டை இனி இசைப்பதில்லை என முடிவு செய்தன. "பழம்பாட்டு, விளையாட்டுத்தானே!" என்று வாதிட்டோரும் உண்டு. விளையாட்டுத்தான், ஆனால் அடி பட்டவர் சிரிக்கவில்லையே!

தன் வறுமையைத் தானே நகைப்பது துணிவு. வலியோரை நகைப்பது உரிமை. பிறர் உடலையும் பிறப்பையும் நகைப்பது இவ்விரண்டிலும் சேராது.

பன்மொழியினர் கூடி வாழும் காலனியில் இருக்கிறோம். சற்று நேரத்தில் நம் பிள்ளைகள் நகைச்சுவை நாடகம் நடிக்கவிருக்கின்றனர். முன்வரிசையில் அண்டை வீட்டாரும் அமர்ந்துள்ளனர். அவர்களும் நம்மோடு சேர்ந்து சிரிக்கும் நகைச்சுவையே நம் சங்கத்துக்கு அழகு என்று கூறி விடைபெறுகிறேன்.