கொக்கி எங்கே, குழாய் எங்கே?
(உப்பூரில் குழுக் கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



2001 முதல் 2004 வரை தமிழ்நாட்டில் ஊராட்சிதோறும் மகளிர் சுகாதார வளாகம் கட்டினார்கள். பராமரிப்பில் நம்மைப் போன்ற குழுக்களையும் சேர்த்தார்கள். கட்டடம் மட்டும் போதுமா? உள்ளே எது எங்கே இருக்கு என்பதுதான் முக்கியம்.

குழாய் வலது பக்கம், குந்தியபடி எட்டும் தூரத்தில் வேணும். சேலை, பை மாட்டக் கொக்கி வேணும். பாட்டிமார் பிடித்து எழுந்திருக்கச் சுவரில் கம்பி வேணும். நாப்கின் போட மூடியுள்ள கூடை வேணும். நம்ம ஊர் கடல்காற்றில் இரும்புத் தாழ்ப்பாள் சீக்கிரம் துருப்பிடிக்கும், எவர்சில்வரில் போடணும். தாழ்ப்பாள் சரியில்லை என்றால் உள்ளே போக யாருக்கு மனசு வரும்? போகாமல் அடக்கி, தண்ணியும் குடிக்காமல் இருந்தால் நீர்க்கடுப்புதான்.

பூசி முடித்த சுவரை உடைப்பது கஷ்டம். வேலை தொடங்கும் முன்பே, ஆகஸ்ட் 15 கிராம சபையில் சேர்ந்து கேட்போம்.