நெசவாள நண்பர் ஒருவரின் வாழ்க்கை நோக்கு

(நமது சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் குலத்தின் பெருமையைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசவேண்டுமென்று காரியதரிசியவர்கள் நம்மைப் பணித்தார்கள். நவவீரர் வரலாற்றையும், ஒட்டக்கூத்தர் ஈட்டியெழுபது பாடிய வரலாற்றையும் நம்மினும் வல்லவர்கள் இம்மேடையில் ஆண்டுதோறும் எடுத்துரைத்து வருகிறார்கள். கேட்டு மகிழ்கிறோம், மகிழ்ந்து வீடு செல்கிறோம். இவ்வாண்டு, உயிருடன் நம்மிடையே இருந்து, பிரதி தினமும் தறிக்குழியில் இறங்குகின்ற நண்பர் ஒருவரைப் பற்றிப் பேச அநுமதி பெற்றுக்கொண்டோம்.

அவர் காஞ்சிபுரத்தில் பட்டு நெய்பவர். பெயரைச் சொல்லலாகாது என்பது அவர் விதித்த நிபந்தனை. பெயர் வெளிப்பட்டால் மறுநாளே தெருவில் நாலு பேர் கேலி செய்வார்களென்றும், வேலை கெடுமென்றும் சொன்னார். அவர் இப்பொழுது இக்கூட்டத்தின் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கவுங் கூடும். இருப்பின், தலையைத் திருப்பிப் பார்க்கவேண்டாமென்று சபையோரைக் கேட்டுக்கொள்கிறோம்.

நம் நண்பருக்கு நூற்பயிற்சி அதிகமில்லை. எட்டு வயதிலேயே பள்ளியை விட்டு நிறுத்தப்பட்டு, தறியின் வலப்புறம் உட்கார்த்தி வைக்கப்பட்டவர். ஆயினும் இயற்கையைப் பற்றி அவரிடம் கேட்டது போன்ற பேச்சை நாம் பெரிய வித்துவான்களிடத்தும் கேட்டதில்லை. நம்மில் பலர் இயற்கையென்றால் விடுமுறைக்குப் போய்ப் பார்த்துவரும் மலையும் அருவியும் என்று எண்ணுகிறோம். அவருக்கோ அது வீட்டிற்குள்ளேயே இருக்கிறது. தறிக்குழியின் மண்ணிலிருந்து எழும் ஈரத்தால் இழை பதமாயிருக்கும். சித்திரை வைகாசியில் காற்று வறண்டால் இழை முறுகி அறும். ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்தால் குழி ஊறும், மரம் உப்பும், பாவு உலராது. காலையில் கதவைத் திறந்து வாசலில் நின்று அவர் காற்றை முகர்ந்து பார்ப்பதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். அன்று எத்தனை முழம் நெய்யலாமென்பதை அந்த ஒரு மூச்சிலே தீர்மானித்துவிடுவார். வேகவதியிலும் பாலாற்றிலும் நீர் ஓடுவதை நம் பாட்டன்மார், சாயத்தின் மினுமினுப்புக்குக் காரணமாகச் சொல்லி வந்தார்கள். இன்று அந்த ஆறுகள் பெரும்பாலான மாதங்களில் மணலாய்க் கிடப்பதைப் பேசும்போது, வீட்டில் ஒருவர் நோயாய்ப் படுத்திருப்பதைப் பேசுவது போலவே அவர் குரல் தாழ்ந்துவிடும்.

நிறங்களைப் பற்றி அவர் கூறுவது இன்னும் விசேஷமானது. நம் நெசவில் நிறங்களுக்கு வழங்கும் பெயர்களை எண்ணிப் பாருங்கள். மாம்பழம், கிளிப்பச்சை, கத்தரிப்பூ, வெங்காயத்தோல், அரக்கு, மயில்கழுத்து. எல்லாம் தோட்டத்திலும் சமையலறையிலும் மரக்கிளையிலும் கண்டு வைத்த பெயர்கள். இக்காலத்தில் வாங்க வருகிறவர்கள் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, இதே நிறம் வேண்டுமென்கிறார்கள். நண்பர் மறுப்பதில்லை. ஆனால் மயில்கழுத்து வேண்டுமென்று வந்த ஒரு பெண்மணியிடம், “அம்மா, மயிலின் கழுத்து ஒரு நிறமன்று. அது திரும்பும்போது பார்த்திருக்கிறீர்களா?” என்று கேட்டார். பாவு நீலமாகவும் ஊடை பச்சையாகவும் வைத்து நெய்தால், துணி மடியுந்தோறும் ஒன்று மறைந்து ஒன்று தோன்றும். படத்திலே பிடிபடுவது அதில் ஒரு கணந்தான்.

மயிலிறகில் நீலச் சாயமே கிடையாதென்றும், உள்ளிருப்பது கருமை கலந்த ஒரு பொருளே என்றும், அப்பொருளின் நுண்ணிய துகள்கள் வரிசை வரிசையாய் அமைந்து ஒளியைத் திருப்புவதனாலேயே நீலமும் பச்சையும் தோன்றுகின்றனவென்றும் விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள். இதை ஒருநாள் அவருக்குச் சொன்னோம். சற்று நேரம் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தார். பிறகு சிரித்து, “அப்படியானால் அதுவும் நெசவுதான்” என்றார். நாம் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் ஒரே வார்த்தையில் தம்முடையதாக்கிக்கொண்டார்.

கற்பனைத் திறனென்று நாம் சொல்வதை அவர் அந்தப் பெயரால் அழைப்பதில்லை. “கண் வைத்தல்” என்பார். மல்லிமொக்கும் ருத்திராட்சமும் வாழைப்பூவும் கரையில் ஏறியது எப்படி? யாரோ ஒருவர் பூக்கூடையில் கண் வைத்திருக்கிறார். அவர் பெயர் நமக்குத் தெரியாது. தாமும் அப்படியே பெயர் தெரியாதவராய் இருப்பதில் நண்பருக்குக் குறையொன்றுமில்லை. சென்ற ஆண்டு மழைக்காலத்தில், வேலை நின்ற நாட்களில், வேலியில் படர்ந்த பிரண்டையின் கணுக்களைப் பார்த்துக் கட்டக் காகிதத்தில் ஒரு கரை எழுதினார். இதைக் கணினியில் ஏற்றி ஜக்கார்டு அட்டைக்குத் தயார் செய்தவர் அவருடைய மகள். புதுக் கருவி வந்தால் பழந்தொழில் கெடுமென்று மேடையில் முழங்குகிறவர்களைக் கண்டால் அவருக்குச் சிரிப்பு. ஜக்கார்டைத் தூக்க ஒரு மோட்டார் பொருத்திக்கொண்ட பிறகு முழங்கால் வலி குறைந்ததென்று சொல்கிறார். மிதித்து மிதித்துத் தேய்ந்த முழங்காலை வீட்டில் பாரம்பரியமாக வைத்துக்கொள்ள அவருக்கு விருப்பமில்லை.

இனி, இடர் வந்தபோது அவர் நடந்துகொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். 2015ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் பெய்த பெருமழையை நம்மவர் மறந்திருக்கமாட்டார்கள். நண்பரின் தறிக்குழியில் நீர் நிறைந்தது. பாவோடு உருளையைத் தூக்கி மேலே வைத்துவிட்டார். ஆனால் நெய்து சுற்றியிருந்த பாதிச் சேலையில் கறை ஏறிவிட்டது. கறை மடிப்புக்குள் மறையும் இடத்தில் இருந்தது. சொல்லாதிருந்தால் யாரும் கண்டிருக்கமாட்டார்கள். அவர் அதை அறுத்து எடுத்துவைத்து, நூல் கொடுத்தவரிடம் சென்று நடந்ததைச் சொல்லி, நஷ்டத்தைத் தம் கணக்கில் எழுதிக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து நெய்தார். 2020ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் ஊரடங்கு வந்தபோது கல்யாணங்கள் நின்றன. கல்யாணங்கள் நிற்கவே நம் தறிகளும் நின்றன. அந்த மாதங்களில் அவர் அயல்வீட்டுத் தறிகளின் விழுதுகளைப் பழுது பார்த்துக் கொடுத்தார். அது முடிந்து மூச்சுவிடுவதற்குள் பட்டுநூல் விலை ஏறிற்று.

இழை அறுவதைப் பற்றி அவர் சொல்வதை இங்கே சொல்ல விரும்புகிறோம். பாவில் ஆயிரக்கணக்கான இழைகள். தினமும் சில அறும். இளைஞனாயிருந்தபோது ஒவ்வோர் இழை அறும்போதும் அவருக்குக் கோபம் வருமாம். கோபத்தோடு கையை விட்டுத் தேடினால், பக்கத்து இழைகள் இரண்டும் சேர்ந்து அறும். இப்பொழுது நிறுத்துகிறார், முனையைத் தேடுகிறார், பிணைக்கிறார், மேலே நெய்கிறார். அவ்வளவே. இதைப் பெரிய ஞானமென்று நாம் புகழத் தொடங்கியபோது அவர் இடைமறித்தார். “அண்ணா, பொறுமைசாலி என்று சொல்லிச் சொல்லியே எங்கள் கூலியை ஏற்றாமல் வைத்திருக்கிறார்கள்” என்றார். அதன்மேல் நமக்குச் சொல்ல ஒன்றுமிருக்கவில்லை.

ஏனெனில் அவர் சொன்னது உண்மை. தேசமுழுதும் எடுத்த கைத்தறிக் கணக்கெடுப்புகளில், 2009-10ஆம் ஆண்டில் 43 இலட்சத்துக்கு மேலாயிருந்த கைத்தறித் தொழிலாளர் தொகை, 2019-20ஆம் ஆண்டுக் கணக்கில் 35 இலட்சத்துக்குச் சற்று மேலாகக் குறைந்திருக்கிறது. போனவர்களுக்குப் பொறுமை இல்லையென்று யார் சொல்லத் துணிவார்? வீட்டில் அரிசி இல்லாதபோது பொறுமையை உலையில் வைக்க முடியாது.

நன்னடக்கை என்னும் விஷயத்துக்கு வருவோம். நம் தெருக்களில் பாவு போடும் வழக்கத்தை இங்குள்ள பெரியவர்கள் யாவரும் அறிவார்கள்; சிறுவர்களில் பலர் அறியார். ஆதலால் சற்று விரித்துச் சொல்கிறோம். வழக்கமாக மூன்று சேலைக்குரிய நீளத்திற்குப் பாவைத் தெருவிலே இழுத்துக் கட்டி, குறுக்குக் கழிகள் கொடுத்து, கஞ்சி தெளித்து, வெயில் ஏறுமுன் உலர்த்தி, இழை இழையாய் ஒழுங்கு செய்வார்கள். வீட்டுக்குள் அதற்கு இடம் போதாது. தெருவே தொழிற்கூடம். அந்த நேரத்தில் தெருவில் வருகிறவர் யாராயினும் பாவைத் தாண்டமாட்டார். ஒதுங்கிச் செல்வார், இல்லையேல் குனிந்து கீழே நுழைந்து செல்வார். தனவந்தரும் குனிவார், கூலிக்காரரும் குனிவார். பால்காரர் மணியடிக்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவார். கழி சரிந்தால் அவ்வழியே போகிறவர் கை கொடுப்பார். யாருடைய பாவு என்று கேட்பதில்லை. நண்பர் தம் மரியாதைகளையெல்லாம் இத்தெருவிலேதான் கற்றதாகச் சொல்கிறார். “பிறத்தியார் இழை என்று தெரிந்தால் கால் தானே நிற்கும்” என்பது அவர் வாக்கு.

அவருடைய மரியாதை இனிக்கப் பேசுவதன்று. நம் சுற்றத்தில் ஓர் அம்மையார், மகள் கல்யாணத்துக்கென்று பெரும் விலை கொடுத்துச் சேலை ஒன்று வாங்கி, பெருமையோடு அவரிடம் காட்டினார். நண்பர் புறத்தைத் திருப்பி, கரையும் உடலும் சேரும் இடத்தை விரலால் தடவினார். அது விசைத்தறியில் நெய்தது. கடையிலே கைத்தறியென்று சொல்லி விற்றிருக்கிறார்கள். சுற்றிலும் உறவினர் கூட்டம். பொய் சொல்லவும் அவருக்கு மனமில்லை. அத்தனை பேர் நடுவில் அம்மையாரைத் தலைகுனிய வைக்கவும் மனமில்லை. “பெண்ணுக்கு நிறம் நன்றாய் எடுக்கும், அம்மா” என்று சொல்லி மடித்துக் கொடுத்துவிட்டார். மாலையில் தனியே போய் உண்மையைச் சொல்லி, அடுத்த சேலைக்குத் தாமே கடைக்குக் கூட வருவதாகவும் சொல்லி வந்தார். பட்டு முத்திரை பட்டு சுத்தமானது என்பதற்கு மட்டுமே சான்றென்பதையும், கைத்தறி என்பதற்குக் கைத்தறி முத்திரை வேறாக உண்டென்பதையும் அப்பொழுது அவருக்கு விளக்கியிருக்கிறார். சபையிலுள்ள தாய்மார்களும் இதை நினைவில் வைத்துக்கொள்வது நலம்.

இப்பொழுது, நாம் முதலிலேயே குறிப்பிட்ட தறியின் வலப்புறத்துக்குத் திரும்புகிறோம். கோர்வைச் சேலை ஒருவரால் நெய்யப்படுவதன்று. உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் இரு நாடாக்கள். வலக்கரைக்கு நாடா போட ஒரு துணையாள் கூடவே உட்காரவேண்டும். இருவர் கையும் ஒரே மூச்சில் ஓடினால்தான் கரை உடலோடு பல்லுப்பல்லாய்க் கோத்துக்கொள்ளும். கனத்த சேலையாயின் 15 நாள், 20 நாள் இருவரும் இவ்வாறு உழைக்கிறார்கள். முன்னாட்களில் அந்த இடத்தில் சிறு பிள்ளைகளை உட்கார்த்தினோம். பள்ளி மணி கேட்கும்போது அப்பிள்ளைகள் தலைநிமிர்ந்து பார்ப்பதையும், மறுபடி குனிவதையும் நண்பர் சொல்லக் கேட்டோம். அவரும் அவர்களில் ஒருவர். 1986ஆம் ஆண்டுச் சட்டத்தை 2016இல் திருத்தியபோது, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாமென்று ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். நண்பர் அந்த இடத்தையும் பயன்படுத்திக்கொள்ளவில்லை. மகளைப் பட்டப்படிப்பு வரை படிக்கவைத்தார். வலப்புறத்தில் இன்று அமர்ந்திருப்பவர் அவருடைய மனைவியார்.

கூலியோ சேலைக்கு இவ்வளவு என்று ஒருவர் பேரிலேயே எழுதப்படுகிறது. நண்பர் பணம் வாங்கும்போதெல்லாம், “எங்கள் இருவர் கூலி” என்று வாய்விட்டுச் சொல்லியே வாங்குகிறார். கணக்கர் நிமிர்ந்து பார்ப்பார். ஏட்டில் ஒரு பெயர்தான் இருக்கும். பல ஆண்டுகளாய் அவர் இதைச் சொல்லி வருகிறார். குரலை உயர்த்தியதுமில்லை, சொல்லாமல் விட்டதுமில்லை.

நமது சங்கத்தில் நெய்கிறவர்களும் இருக்கிறார்கள், நெய்விக்கிறவர்களும் இருக்கிறார்கள். இருவருக்கும் தெரிந்தே பேசுகிறோம். கோர்வைத் தறியின் துணையாளுக்குரிய கூலியைத் தனியே காட்டி, அவர் பெயரையும் ஏட்டில் எழுதவேண்டுமென்னும் தீர்மானம் ஒன்றைக் காரியதரிசியவர்களிடம் எழுத்து மூலமாய்க் கொடுத்திருக்கிறோம். இன்று பிற்பகல் நிர்வாகக் குழுவில் அது எடுத்துக்கொள்ளப்படும். குழுவிலுள்ள கனவான்கள் அதைப் படித்த பிறகு தயவுசெய்து நண்பரின் பொறுமையைப் புகழவேண்டாம்.

மற்றொன்று, சிறு விஷயம். நம் தெருக்களில் இப்பொழுது இருபுறமும் மோட்டார் வண்டிகள் இரவெல்லாம் நிற்கின்றன. பாவு போட இடமின்றி நண்பரும் அயலாரும் ஊருக்கு வெளியே மைதானத்துக்குச் சுமந்து செல்கிறார்கள். வருகிற திங்கட்கிழமை அவர் பாவு போடுகிறார். விடியற்காலை ஐந்து மணி முதல் எட்டு மணி வரை வண்டிகளை அப்புறப்படுத்தி வைக்க, அத்தெரு அங்கத்தினர் நால்வர் ஏற்கெனவே சம்மதித்திருக்கிறார்கள். மீதியுள்ளவர்கள், கூட்டம் கலையுமுன், வாசலில் வைத்திருக்கும் ஏட்டில் கையொப்பமிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறோம்.