இயந்திரப் படிப்பா, செடிப் படிப்பா?
(வானொலி வேளாண் நிகழ்ச்சியில் பேசியது)



இன்றைக்கு உரம், பூச்சி மருந்து பற்றிப் பேசப் போவதில்லை. உங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பு படிக்கிற பிள்ளையைப் பற்றிப் பேசப் போகிறேன்.

போன வருஷம் ஒரு பெரியவர் மஞ்சள் பையோடு என்னைத் தேடி வந்தார். பையன் பிளஸ் டூவில் நல்ல மார்க். சின்ன வயசிலிருந்தே டிராக்டர் என்றால் சாப்பாடு வேண்டாம். "வேளாண் பொறியியல் காலேஜில சேர்க்கணும், ஒரு வார்த்தை வழி சொல்லுங்க ஐயா" என்றார். மார்க் சீட்டை வாங்கிப் பார்த்தேன். இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல். கணிதம் இல்லை. "கணக்கு இல்லாம அந்தப் படிப்பு கிடைக்காதுங்களே" என்றதும் அவர் முகம் சுண்டிப் போயிற்று. "விவசாயத்துக்கு எதுக்குங்க கணக்கு? செடியைப் பத்திப் படிச்சா போதாதா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பேச்சு.

உங்கள் கிணற்றையே எடுத்துக்கொள்வோம். தண்ணீர் 40 அடி ஆழத்துக்கு இறங்கிவிட்டது. மேட்டில் இருக்கிற மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை. நாம் என்ன செய்கிறோம்? 5 குதிரைச் சக்தி போதவில்லை என்று ஏழரை வாங்கி மாட்டுகிறோம். அதுவும் சும்மா சுற்றுகிறது. பம்பு தண்ணீரை இழுக்கிறது என்று நினைக்கிறோம் பாருங்கள், அதுதான் தப்பு. பம்பு குழாய்க்குள் இருக்கிற அழுத்தத்தைத்தான் குறைக்கிறது. வெளிக்காற்றின் அழுத்தம் கிணற்றுத் தண்ணீரைக் குழாய்க்குள் ஏற்றுகிறது. அந்த அழுத்தம் எவ்வளவு முயன்றாலும் 34 அடிக்கு மேல் ஏற்றாது. குழாய் உராய்வு, புட்வால்வு எல்லாம் போக, நடைமுறையில் 20, 25 அடிதான். ஆகவே மோட்டாரைப் பெரிதாக்கிப் பிரயோசனமில்லை. கிணற்றுக்குள் மேடை கட்டிப் பம்பைக் கீழே இறக்க வேண்டும், அல்லது நீர்மூழ்கிப் பம்பு போட வேண்டும். இந்தக் கணக்கு தெரியாமல் போன பணம் நம் ஊர்களில் கொஞ்சமா? வேளாண் பொறியியலில் சொல்லித் தருவது இந்த மாதிரிக் கணக்குகளைத்தான். டிராக்டரின் பின்தண்டு நிமிஷத்துக்கு 540 சுற்று சுற்றும்படி ஏன் வைத்திருக்கிறார்கள், வரப்பை எங்கே போட்டால் மண் அரிக்காது, எல்லாம் அதில் வரும். ஸ்பானர் பிடிக்க மட்டும் கற்றுக் கொடுக்கும் படிப்பு என்று எண்ணிவிடாதீர்கள்.

சரி, செடிப் படிப்பு என்ன தாழ்த்தியா? இல்லவே இல்லை. ஜி.இ.பி. 24 என்ற நெல்லைப் பெரியவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கோயமுத்தூரில் 1921-இல் வெளிவந்தது. அந்த மூன்று எழுத்துக்கு அர்த்தம் என்ன தெரியுமா? அப்போதைய அரசாங்கத் தாவரவியல் அதிகாரியின் பதவிப் பெயரின் முதல் எழுத்துக்கள். கோணாமணி நெல்லில் தானாக மாறி நின்ற செடியிலிருந்து வந்த ரகம் அது. நாமாக இருந்தால் கலப்பு என்று பிடுங்கி எறிந்திருப்போம். செடியைப் பார்க்கத் தெரிந்த கண் அதை வைத்துக்கொண்டது. அந்த நெல்லை ஜப்பான் நெல்லோடு சேர்த்து வந்ததுதான் ஆடுதுறை 27. 1960-களில் தஞ்சாவூர்ப் பக்கம் வானொலி கேட்டு விதைத்தார்கள், அதனால் "ரேடியோ நெல்" என்றே பேர் வந்துவிட்டது. (எங்கள் வானொலிக்காரர்களுக்கு அதில் இன்னும் கொஞ்சம் பெருமை உண்டு, மன்னிக்கவும்.) கரும்பும் அப்படித்தான். 1912-இல் கோயமுத்தூரில் தொடங்கிய கரும்பு நிலையத்தில் பார்பரும் வெங்கட்ராமனும் நல்ல கரும்போடு காட்டு நாணலைச் சேர்த்தார்கள். அதில் பிறந்த கோ 205, 1918-இல் வடநாட்டு வயலுக்குப் போயிற்று. நாணலை வெட்டிக் கூரை போடுகிறவர்கள் நாம்!

இரண்டும் வயலில் சேர்ந்துதான் நிற்கின்றன. நடவு இயந்திரத்தைப் பாருங்கள். அதற்குப் பாய் நாற்றங்கால் போட்டு 15 நாள் நாற்றாகக் கொடுக்க வேண்டும். வழக்கமான முற்றிய நாற்றைக் கொடுத்தால் இயந்திரத்தின் விரல் சரியாகப் பிடிக்காது. அது இயந்திரக்காரர் கணக்கு. இளம் நாற்று தூர் கட்டத் தொடங்கும் முன்பே வயலுக்கு வருவதால் நன்றாகத் தூர் வெடிக்கும். அது செடிக்காரர் கணக்கு.

இனி முக்கியமான விஷயம். பத்தாவது முடிந்து பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவு எடுக்கிறான் என்பதிலேயே பாதி வழி முடிந்துவிடுகிறது. வேளாண் பொறியியலுக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் வேண்டும். கல்லூரித் தாவரவியல் பட்டத்துக்கு உயிரியலோ தாவரவியலோ படித்திருக்க வேண்டும். கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று ஒரு பிரிவு இருக்கிறதே, அதை எடுத்தால் இரண்டு கதவும் திறந்திருக்கும். பாடம் பளு அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். பிள்ளைக்கு எது முடியும் என்று பிள்ளையிடமே கேளுங்கள். அடுத்த வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள்.

இன்னொரு குழப்பம். கலைக் கல்லூரியில் படிக்கும் பி.எஸ்ஸி. தாவரவியல் வேறு, வேளாண் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. வேளாண்மை வேறு. முன்னது மூன்று வருஷம், செடியைப் பற்றிய அறிவியல். பின்னது நாலு வருஷம்; மண், பயிர், பூச்சி, பொருளாதாரம் எல்லாம் உண்டு. வேளாண்மை அலுவலர் வேலைக்குக் கேட்பது பின்னதைத்தான். இது தெரியாமல் சேர்த்துவிட்டு, மூன்று வருஷம் கழித்து என்னிடம் வந்து வருத்தப்பட்டவர்கள் உண்டு. தாவரவியல் படித்தவர்களுக்கு ஆசிரியர் வேலை, ஆராய்ச்சிக் கூடம் என்று வேறு வழிகள் இருக்கின்றன. ஆனால் அது இன்னது என்று தெரிந்து சேர்க்க வேண்டும்.

1868-இல் சைதாப்பேட்டையில் விவசாயப் பள்ளியாகத் தொடங்கி, 1906-இல் கோயமுத்தூருக்கு வந்து, 1971-இல் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகமாக ஆன இடம் அது. வேளாண் பொறியியலுக்குக் கோயமுத்தூரிலும் திருச்சிக்குப் பக்கம் குமுளூரிலும் அதற்குக் கல்லூரிகள் இருக்கின்றன. மருத்துவப் படிப்புக்கு எழுதுகிற நீட் தேர்வு இதற்கு வேண்டாம், பிளஸ் டூ மார்க்தான். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 2021-இல் வந்த சட்டப்படி 7.5 சதவீத இடம் தனியாக உண்டு. விண்ணப்பத்தில் அதைக் குறிக்க மறந்துவிடாதீர்கள்.

பெண் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று யாராவது சொன்னால், காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். வேளாண் கல்லூரி வகுப்பை ஒரு நாள் போய் எட்டிப் பாருங்கள், தெரியும்.

அந்தப் பெரியவரின் பையன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். பத்தாம் வகுப்புத் தகுதியிலேயே ஐ.டி.ஐ.யில் டிராக்டர் மெக்கானிக் ஒரு வருஷமும், வேளாண் இயந்திர மெக்கானிக் இரண்டு வருஷமும் சொல்லித் தருகிறார்கள். இரண்டாவதில் சேர்ந்து, இப்போது கையில் கிரீஸோடு சந்தோஷமாக இருக்கிறான். அவன் தங்கை இந்த வருஷம் பத்தாவது. பெரியவர் இந்த முறை பரீட்சைக்கு முன்னாலேயே வந்துவிட்டார், அதே மஞ்சள் பையோடு.