கூலியோடு கற்ற கலை

(வாலிபர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

கோடை விடுமுறை வந்தால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளை சித்திர வகுப்புக்குப் போகிறது. உழைப்பாளி வீட்டுப் பிள்ளை வேலைக்குப் போகிறது. கையில் திறமை இருந்தும் என்ன பயன்? இரண்டு மாதக் கூலியை இழக்க அந்த வீட்டால் முடியாது. அந்தப் பிள்ளை கலை கற்க வேண்டுமானால், கற்கும் நாளுக்குக் கூலி வேண்டும்.

இது நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது. அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் நடந்ததைச் சொல்லுகிறேன்.

அங்கே சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கில் துஹங்கா என்ற வெள்ள வாய்க்கால் இருக்கிறது. இரு பக்கமும் வெறும் சிமெண்டுச் சுவர். அதை அழகுபடுத்தும் வேலைக்காக, 1974-ம் ஆண்டில் ராணுவப் பொறியாளர் பிரிவு ஜூடி பாக்கா என்ற ஓவியரை அழைத்தது. மெக்சிகோ வம்சாவளிப் பெண்மணி அவர். ஒன்றோடொன்று மோதிய தெருக் கும்பல்களின் பையன்களை ஒரே சுவரின் முன் நிறுத்தி, சித்திரம் தீட்ட வைத்தவர்.

1976 கோடையில் வேலை ஆரம்பமாயிற்று. மழைக்காலத்தில் வாய்க்காலில் வெள்ளம் வரும்; கோடையில்தான் உள்ளே இறங்கி நிற்கலாம். 80 வாலிபர்கள், 10 ஓவியர்கள், 5 சரித்திர ஆசிரியர்கள் இறங்கினார்கள். அந்த 80 பேரும் குற்ற நீதித் துறை அனுப்பிய பிள்ளைகள். ஊர் அவர்களைக் குற்றவாளி என்றது. இங்கே அவர்கள் கூலி வாங்கும் தொழிலாளிகள். முதல் கோடையிலேயே 1,000 அடி நீளம் தீட்டி முடித்தார்கள்.

எப்படிக் கற்றார்கள்? ஆலையில் புதிய பையன் பழைய கையோடு நின்று தொழில் பழகுகிறானே, அப்படித்தான். சிறு படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, சுவரில் பெரிதாக்கிக் கோடிழுத்து, வர்ணம் பூசினார்கள். பக்கத்தில் ஓவியர் நின்று காட்டிக் கொடுத்தார்.

எதைத் தீட்டினார்கள்? பாடப் புத்தகம் சொல்லாமல் விட்ட சரித்திரத்தை! ரயில் பாதை போட்ட சீனத் தொழிலாளிகள். 1930-களில் வறட்சியால் நிலமிழந்து கலிபோர்னியாவுக்கு வந்த விவசாயிகள். அதே காலத்தில் நாடு கடத்தப்பட்ட மெக்சிகோ மக்கள். 1942-ல் முகாம்களில் அடைக்கப்பட்ட ஜப்பானிய வம்சாவளியினர். பல இனத்துப் பிள்ளைகள் ஒன்றாக நின்று தங்கள் பாட்டன் பாட்டியரின் கதையைத் தீட்டினார்கள்.

1976, 1978, 1980, 1981, 1983 ஆகிய ஐந்து கோடைகளில் 400-க்கு மேற்பட்ட வாலிபர்கள் வேலை செய்தார்கள். சுவர்ச்சித்திரம் 2,754 அடிக்கு நீண்டது. அரை மைலுக்கும் அதிகம். லாஸ் ஏஞ்சல்ஸின் பெருஞ்சுவர் என்று அதற்குப் பெயர். 2017-ல் அமெரிக்க சர்க்கார் அதைத் தேசிய சரித்திர இடங்களின் பதிவேட்டில் சேர்த்தது.

"கலைக்கு எதற்குக் கூலி? கற்றுக்கொடுப்பதே பெரிதல்லவா?" என்று சிலர் கேட்பார்கள். அவர்களைக் கேளுங்கள்: சாரம் கட்டி, வெயிலில் நின்று, அரை மைல் சுவரைத் தீட்டுவது வேலை இல்லையா? கூலி இல்லாவிட்டால் யார் வந்திருப்பார்கள்? வீட்டில் அடுப்பெரியும் கவலை இல்லாதவர்கள் மட்டுமே வந்திருப்பார்கள். அந்தச் சுவரில் உழைப்பாளியின் கதையும் ஏறியிருக்காது.

பயிற்சி என்ற பெயரில் மலிவாக வேலை வாங்குவோரும் உண்டு. ஆகவே உங்கள் பிள்ளைக்குப் பயிற்சி தருகிறோம் என்று யாராவது வந்தால், மூன்று கேள்வி கேளுங்கள். கூலி உண்டா? கூட நின்று கற்றுக்கொடுக்கத் தேர்ந்த கை உண்டா? கற்றபின் பிள்ளை கையில் ஒரு தொழில் நிற்குமா?

கூலி மட்டும் இருந்தால் அது வெறும் எடுபிடி வேலை. கற்பித்தல் மட்டும் இருந்தால் அது ஏழைக்கு எட்டாது. இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள், தோழர்களே! கேட்பது நமது உரிமை.