மெக்சிகோ: பெயர்கள் போயின, படிகள் போகவில்லை

(சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குடியேற்ற ஆதிக்கம் பற்றிய பாடத்தை நடத்தும்போது நாம் வழக்கமாகக் கரும்பலகையில் இரண்டு ஆண்டுகளை எழுதுகிறோம். அந்நியர் ஆட்சி தொடங்கிய ஆண்டு, விடுதலை பெற்ற ஆண்டு. மெக்சிகோவுக்கு 1521, 1821. சரியாக 300 ஆண்டுகள் என்பதால் மாணவர்களுக்கு எளிதில் மனத்தில் பதிந்துவிடும். ஒருமுறை என் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, “ஸ்பெயின்காரங்கதான் போயிட்டாங்களே சார், அப்புறமும் ஏன் அங்க இவ்வளவு ஏற்றத்தாழ்வு?” என்று கேட்டாள். அன்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். பிறகு தேடிப் படித்ததைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

மெக்சிகோ நகருக்கு அருகே தெபோட்சோட்லான் என்ற ஊர் அருங்காட்சியகத்தில் 18ஆம் நூற்றாண்டு ஓவியம் ஒன்று உள்ளது. அதில் 16 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் தந்தை, தாய், குழந்தை. கீழே குழந்தைக்கு உரிய பெயர். ஸ்பானியருக்கும் பூர்வகுடிப் பெண்ணுக்கும் பிறந்தால் ‘மெஸ்டிஸோ’. ஆப்பிரிக்கரோடு கலந்தால் வேறு பெயர். போகப் போகப் பெயர்கள் விசித்திரமாகின்றன. ஒன்றுக்குப் பொருள் ‘பின்னோக்கித் திரும்பு’. இன்னொன்றுக்கு ‘உன்னை எனக்குப் புரியவில்லை’! ஒரு குழந்தைக்கு இப்படியும் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பிரிவுகளை அவர்கள் ‘காஸ்டா’ என்றார்கள். ஆங்கிலத்தில் சாதியைக் குறிக்க வழங்கும் ‘காஸ்ட்’ என்ற சொல்லின் மூலமும் இதுவே. போர்த்துகீசியர் வழியாக நம் நாட்டு வழக்கத்துக்கு ஒட்டிக்கொண்டது. அதற்காக இரண்டும் ஒன்று என்று வகுப்பில் சொல்லிவிட வேண்டாம். சாதி கலப்பைத் தடுத்தது. அங்கே கலப்பு நடந்துகொண்டே இருந்தது; பிறந்த குழந்தையை எந்தப் படியில் நிறுத்துவது என்பதே அவர்கள் கவலை. நடைமுறையில் தேவாலயப் பதிவேடுகளில் 16 பெயர்களும் புழங்கவில்லை. நாலைந்துதான். வசதி வந்தவர் ஒரு படி மேலே எழுதிக்கொண்டதும் உண்டு. ஆனால் படியைப் பொறுத்தே வரி இருந்தது. பூர்வகுடியினரும் விடுதலை பெற்ற ஆப்பிரிக்கரும் ‘கப்பம்’ கட்டினார்கள். ஸ்பானியர் கட்டவில்லை.

பள்ளி இதில் எங்கே வருகிறது? நாம் ஆசிரியர்கள் என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

1536இல் ட்லாட்டலோல்கோ என்ற இடத்தில் பிரான்சிஸ்கன் துறவிகள் பூர்வகுடித் தலைவர்களின் பிள்ளைகளுக்காக ஒரு கல்லூரி தொடங்கினார்கள். இலத்தீன் கற்பித்தார்கள். பிள்ளைகள் நஹுவாட்டில், ஸ்பானியம், இலத்தீன் என மூன்று மொழிகளிலும் தேறினார்கள். ஆஸ்டெக் மக்களின் வாழ்வைப் பற்றி 12 நூல்களாக சகாகுன் தொகுத்த பெரும் படைப்பு, இந்த மாணவர்களின் உழைப்பில் உருவானது. அவர்களில் ஒருவரான அந்தோனியோ வலேரியானோ பின்னாளில் மெக்சிகோ நகரப் பூர்வகுடியினரின் ஆளுநரானார். ஆனால் 1555இல் கூடிய திருச்சபை மன்றம், பூர்வகுடியினரும் கலப்பினத்தவரும் குருப்பட்டம் பெறக் கூடாது என்று தடை விதித்தது. படிக்கலாம், எழுதிக் கொடுக்கலாம், பீடத்தில் மட்டும் நிற்கக் கூடாது. கல்லூரி மெல்ல நலிந்தது.

இனி விடுதலைக்கு வருவோம். 1822இல் புதிய அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. பதிவேடுகளில் குடிமக்களை இனப்பெயர் சொல்லி எழுதக் கூடாது. அடிமை முறையை 1829இல் ஒழித்தவர் ஆப்பிரிக்க வழிவந்த குடியரசுத் தலைவர் விசென்டே கெரேரோ. இவை பெரிய மாற்றங்கள்தாம். குறைத்துச் சொல்லக் கூடாது.

ஆனால் அதே காலத்துப் பள்ளி ஒன்றைப் பாருங்கள். பெனிட்டோ ஹுவாரெஸ் 1806இல் சாபோடெக் பூர்வகுடியில் பிறந்தவர். மூன்று வயதிலேயே பெற்றோரை இழந்தவர். அவர் ஊரில் பள்ளி இல்லை. 12 வயதில், ஸ்பானிய மொழி சரியாகத் தெரியாத நிலையில், வஹாகா நகருக்கு நடந்தே போனார். அங்கே சேர்ந்த பள்ளியைப் பற்றித் தம் பிள்ளைகளுக்காக எழுதிய குறிப்புகளில் சொல்கிறார். ‘கண்ணியமான’ வீட்டுப் பிள்ளைகளுக்கு ஓர் அறை. அங்கே ஆசிரியரே கவனமாகக் கற்பிப்பார். ஏழைப் பிள்ளைகளுக்கு வேறு அறை; அங்கே ஓர் உதவியாளர். ஹுவாரெஸ் எழுதிக் காட்டிய பக்கத்தில் பிழை இருந்தது. எது பிழை, எப்படித் திருத்துவது என்று ஆசிரியர் சொல்லவில்லை. சரியில்லை என்று சொல்லித் தண்டிக்க உத்தரவிட்டார். சிறுவன் அந்தப் பள்ளியை விட்டே வெளியேறினான். இந்தப் பக்கத்தைப் படித்தபோது என் வகுப்பில் நான் சிவப்பு மையில் வெறுமனே சுழித்துக் கொடுத்த நோட்டுகள் நினைவுக்கு வந்தன.

அந்தச் சிறுவன்தான் 1858இல் நாட்டின் தலைவரானார். ‘பார், ஒரு பூர்வகுடி மகன் தலைவராகிவிட்டார்’ என்று இங்கே பாடத்தை முடித்துவிடத் தோன்றும். முடிக்காதீர்கள். அவர் சார்ந்திருந்த தாராளவாதிகள் 1856இல் கொண்டுவந்த சட்டம், திருச்சபையின் சொத்தோடு பூர்வகுடிக் கிராமங்களின் பொது நிலத்தையும் தனியார் உடைமையாக்கச் சொன்னது. எல்லோரும் சமமான குடிமக்கள், ஆகவே தனிப் பாதுகாப்பு எதற்கு என்பது வாதம். கப்பம் வாங்கிய ஸ்பானிய அரசு கிராம நிலத்துக்கு ஓரளவு காப்பும் தந்திருந்தது. அந்தக் காப்பு போனது. பத்திரம் எழுதத் தெரிந்தவர்கள், பணம் உள்ளவர்கள் கைக்கு நிலம் போனது. பண்ணைகள் பெருத்தன. 1910இல் புரட்சி வெடித்தபோது சபாட்டாவின் பின்னே திரண்டவர்கள் கேட்டது பறிபோன இந்த நிலத்தைத்தான்.

புரட்சிக்குப் பின் 1921இல் கல்வி அமைச்சகம் அமைந்தது. மலைக்கிராமங்களுக்கும் பள்ளி போனது. ஆனால் வகுப்பில் ஸ்பானியம் மட்டுமே. வீட்டு மொழியைப் பேசிய பிள்ளை பின்தங்கிய பிள்ளை. பூர்வகுடி மொழிகளையும் தேசிய மொழிகளாக ஏற்ற சட்டம் வந்தது 2003இல்.

2016இல் மெக்சிகோவின் அரசுப் புள்ளிவிவர நிறுவனம் ஓர் ஆய்வு நடத்தியது. 11 தோல் நிறங்கள் கொண்ட அட்டையைக் காட்டி, உங்கள் நிறம் எது என்று மக்களிடமே கேட்டார்கள். வெளிர் நிறத்தைக் காட்டியவர்களுக்குப் படித்த ஆண்டுகள் சராசரியில் அதிகம், வேலையும் மேலானது. பதிவேட்டிலிருந்து இனப்பெயரை நீக்கி ஏறத்தாழ 200 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்த மாணவி இப்போது கேட்டால் 1521, 1821 என்ற இரண்டு ஆண்டுகளோடு 1822, 1856, 2003 மூன்றையும் கரும்பலகையில் எழுதுவேன். தேநீர் இடைவேளைக்குப் பிறகு அந்த 16 கட்ட ஓவியத்தின் நகலைக் குழுவாகப் பார்ப்போம். கட்டங்களுக்குக் கீழே உள்ள பெயர்களை மறைத்துத்தான் தருவேன்.