பத்துத் தோல்விகளும் ஒரு கிண்ணமும்



விளையாட்டைப் பற்றிப் பேசும்போது வென்றவர்களின் பெயரையே நாம் பெரிதும் நினைவில் வைத்துக்கொள்கிறோம். தோற்றவர் எப்படித் தோற்றார், தோற்ற மறுநாள் என்ன செய்தார் என்று நாம் கேட்பதில்லை. இன்று நாம் எடுத்துக்கொண்டிருப்பது, அரை நூற்றாண்டுக்கு மேல் தோற்றுத் தோற்றுப் பிறகு வென்ற ஒரு குழுவின் வரலாறு.

அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் செயின்ட் லூயிஸ் என்னும் நகரம் இருக்கிறது. அந்நகரின் தொழில்முறை ஐஸ் ஹாக்கிக் குழுவுக்குச் 'செயின்ட் லூயிஸ் புளூஸ்' என்று பெயர். டபிள்யூ. சி. ஹேண்டி என்னும் கறுப்பின இசையறிஞர் 1914-இல் வெளியிட்ட பாடல் ஒன்றின் பெயரைத்தான் குழுவுக்கு வைத்தார்கள். புளூஸ் என்பது மனத்துயரைப் பாடும் இசை. அந்தப் பெயர் குழுவுக்கு நெடுங்காலம் நன்றாகவே பொருந்தியிருந்தது.

முதலில் ஆட்டத்தைச் சற்று அறிந்துகொள்வோம். புல்தரையில் ஆடும் ஹாக்கி நமக்குப் பழக்கமானது. ஐஸ் ஹாக்கியோ உறைந்த பனித்தரையின் மீது ஆடப்படுவது. அடியில் எஃகுத் தகடு பொருத்திய காலணிகளை அணிந்து ஆட்டக்காரர்கள் வழுக்கிச் செல்வார்கள். பந்துக்குப் பதிலாக ரப்பரால் ஆன கறுப்பு வட்டு ஒன்றை மட்டையால் அடிப்பார்கள். கோல் காவலரோடு சேர்த்து ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். ஆட்ட நேரம் இருபது நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகள்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள பெரிய குழுக்கள் 'தேசிய ஹாக்கி லீக்' என்னும் அமைப்பின்கீழ் ஆடுகின்றன. ஒரு பருவத்தில் ஒவ்வொரு குழுவும் எண்பதுக்கு மேற்பட்ட ஆட்டங்களை ஆடும். அவை முடிந்தபின் முன்னணியில் நிற்கும் 16 குழுக்கள் பிளே-ஆஃப் என்னும் வெளியேற்றுச் சுற்றுகளில் இறங்கும். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு குழுக்கள் தமக்குள் ஏழு ஆட்டங்கள் வரை மோதும். முதலில் நான்கு ஆட்டங்களை வெல்லும் குழு அடுத்த சுற்றுக்குச் செல்லும். மற்றது வீட்டுக்குத் திரும்பும். இவ்வாறு நான்கு சுற்றுகளைக் கடந்த குழுவுக்கே ஸ்டான்லி கிண்ணம்.

இந்தக் கணக்கை நேயர்கள் சற்றுக் கவனிக்க வேண்டும். கிண்ணத்தைப் பெற 16 ஆட்டங்களில் வெல்ல வேண்டும். ஆனால் ஒரு சுற்றில் மூன்று ஆட்டங்களில் தோற்றாலும் பிழைத்துக்கொள்ளலாம். அப்படியானால் நான்கு சுற்றுகளிலும் சேர்த்து 12 முறை தோற்ற குழுவும் வாகை சூட முடியும். ஒரே ஆட்டத்தில் முடிந்துவிடும் போட்டி அன்றைய திறமையைச் சோதிக்கிறது. ஏழு ஆட்டப் போட்டி அதற்கு மேலும் ஒன்றைச் சோதிக்கிறது. நேற்றுத் தோற்றவர் இன்று எப்படி வந்து நிற்கிறார் என்பதே அந்தச் சோதனை.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

1967-ஆம் ஆண்டு வரை அந்த லீக்கில் ஆறே குழுக்கள்தாம் இருந்தன. அவ்வாண்டு ஒரே முறையில் மேலும் ஆறு குழுக்களைச் சேர்த்தார்கள். அவற்றுள் ஒன்று புளூஸ். புதிய குழுக்கள் ஆறையும் மேற்குப் பிரிவில் வைத்தார்கள். பழைய குழுக்கள் கிழக்குப் பிரிவில் நின்றன. இரு பிரிவுகளிலும் வென்றவை இறுதிச் சுற்றில் சந்திக்க வேண்டும். எனவே புதிய குழுக்களுள் ஒன்று ஆண்டுதோறும் இறுதிச் சுற்றுக்கு வந்தே தீரும். 1968, 1969, 1970 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அப்படி வந்த குழு புளூஸ்தான்.

அதன் பயிற்றுநர் ஸ்காட்டி போமன் அப்போது முப்பதுகளில் இருந்த இளைஞர். பிற்காலத்தில் இந்த ஆட்டத்தின் தலைசிறந்த பயிற்றுநர்களுள் ஒருவராகப் புகழ்பெற்றவர் அவர். கோல் காவலர் கிளென் ஹாலுக்கோ 36 வயது. சிகாகோ குழு அவரைத் தன் பாதுகாப்புப் பட்டியலில் வைத்துக்கொள்ளாமல் விட்டுவிட்டது. மறு ஆண்டு அவரோடு சேர்ந்த ழாக் பிளாண்ட், ஓய்வு பெற்றுப் போனபின் 39-ஆம் வயதில் திரும்பி வந்தவர். பிறர் வேண்டாம் என்று விட்டவர்களையும் வயது முதிர்ந்தவர்களையும் நம்பியே அந்தப் புதுக் குழு களத்தில் இறங்கியது.

1968 இறுதிச் சுற்றில் எதிரே நின்றது மொன்ட்ரியல் கனடியன்ஸ். நான்கு ஆட்டங்களிலும் புளூஸ் தோற்றது. நான்கிலும் வித்தியாசம் ஒரே ஒரு கோல். அவற்றுள் இரண்டு ஆட்டங்கள் கூடுதல் நேரத்தில்தான் முடிந்தன. பிளே-ஆஃப் சுற்றுகளின் சிறந்த ஆட்டக்காரருக்கான விருது தோற்ற குழுவின் கிளென் ஹாலுக்குக் கிடைத்தது. 1969-இல் மீண்டும் அதே மொன்ட்ரியலிடம் நான்குக்குச் சுழியம். 1970-இல் பாஸ்டன் புரூயின்ஸ் குழுவிடமும் அதே கதி.

அந்த 1970-ஆம் ஆண்டு மே 10-ஆம் நாள் நடந்த நான்காவது ஆட்டத்தில் கூடுதல் நேரம் தொடங்கிய 40-ஆவது வினாடியில் பாஸ்டனின் பாபி ஓர் வெற்றிக் கோலை அடித்தார். அடித்த வேகத்தில் புளூஸ் ஆட்டக்காரர் ஒருவரின் மட்டை தட்டி, இரு கைகளையும் விரித்தபடி அவர் காற்றில் பறந்தார். அந்தக் காட்சியைக் காட்டும் நிழற்படம் உலகப் புகழ் பெற்றுவிட்டது. பின்னாளில் பாஸ்டன் அரங்கின் வெளியே அதே தோற்றத்தில் சிலையும் எழுப்பினார்கள். வெற்றி பெற்றவருக்கு அது சிலை. தோற்றவருக்கு அது ஆறாத வடு. இறுதிச் சுற்றில் புளூஸ் அதுவரை ஆடியது 12 ஆட்டங்கள். பன்னிரண்டும் தோல்வி.

அதன்பின் இறுதிச் சுற்றின் வாசலை அக்குழு 49 ஆண்டுகள் மிதிக்கவில்லை. ஆனால் சும்மா இருக்கவும் இல்லை. 1980 முதல் 2004 வரை தொடர்ந்து 25 பருவங்களில் அது பிளே-ஆஃப் சுற்றுக்குத் தகுதி பெற்றது. இந்த 25 ஆண்டுகளில் ஒருமுறைகூட அது கிண்ணத்தை வெல்லவில்லை. ஒருமுறைகூட வாய்ப்பை முழுதாக இழக்கவும் இல்லை.

இடையில் குழுவே மறைந்துபோகும் ஆபத்தும் வந்தது. 1983-இல் அதன் உரிமையாளராக இருந்த நிறுவனம் குழுவை விற்றுவிட முடிவு செய்தது. வாங்க வந்தவர்கள் அதைக் கனடாவின் சஸ்கட்டூன் நகருக்குக் கொண்டுபோக எண்ணினார்கள். லீக் அதை ஏற்கவில்லை. புதிய இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாளன்று புளூஸ் சார்பில் பேச ஓர் ஆள்கூட இல்லை. இறுதியில் ஹேரி ஓர்னஸ்ட் என்பவர் வாங்கியதால் குழு செயின்ட் லூயிஸிலேயே தங்கியது. அவ்வளவு குழப்பத்துக்குப் பிறகும் 1984-இல் அது பிளே-ஆஃப் சுற்றுக்கு வந்து, முதல் சுற்றில் வெற்றியும் பெற்றது.

1986 மே 12-ஆம் நாள் திங்கட்கிழமையை அந்நகர மக்கள் இன்றும் மறக்கவில்லை. கனடாவின் கல்கரி ஃபிளேம்ஸ் குழுவோடு அரையிறுதிச் சுற்று. அதில் ஆறாவது ஆட்டம். தோற்றால் வெளியேற வேண்டும். ஆட்டம் முடிய ஏறத்தாழ 12 நிமிடங்களே இருந்தபோது கல்கரி ஐந்துக்கு இரண்டு என்று முன்னணியில் இருந்தது. அரங்கிலிருந்து சிலர் எழுந்து போகவும் தொடங்கியிருப்பார்கள். அந்நிலையில் புளூஸ் மூன்று கோல்களை அடித்தது. கிரெக் பஸ்லாவ்ஸ்கி கடைசி இரண்டையும் அடித்து ஆட்டத்தைச் சமநிலைக்குக் கொண்டு வந்தார். கூடுதல் நேரத்தில் டக் விக்கன்ஹைசர் வெற்றிக் கோலைப் போட்டார். 'திங்கள் இரவின் அற்புதம்' என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

ஆனால் நேயர்களே, இரண்டு நாள் கழித்து நடந்த ஏழாவது ஆட்டத்தில் புளூஸ் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்று வெளியேறியது. ஆயினும் அந்த அற்புதத்தை யாரும் கணக்கிலிருந்து நீக்கிவிடவில்லை. கிண்ணத்தில் முடியாத உழைப்பும் மக்கள் நெஞ்சில் இடம்பெறும் என்பதற்கு அந்தத் திங்கட்கிழமை ஒரு சான்று.

1996-இல் வெயின் கிரெட்ஸ்கி என்னும் மாபெரும் ஆட்டக்காரரே புளூஸ் குழுவில் இருந்தார். அவ்வாண்டும் டெட்ராய்ட் குழுவிடம் ஏழாவது ஆட்டத்தில், இரண்டாம் கூடுதல் நேரத்தில், ஒரே கோலில் தோற்றார்கள். 2000-ஆம் ஆண்டில் 114 புள்ளிகளுடன் லீக் முழுமைக்கும் முதலிடம் பெற்றார்கள். யானைக்கும் அடி சறுக்கும் என்பதுபோல, மேற்கில் எட்டாம் இடத்தில் நுழைந்த சான் ஹோசே குழுவிடம் முதல் சுற்றிலேயே வீழ்ந்தார்கள்.

இனி 2019-ஆம் ஆண்டுக்கு வருவோம். அந்தப் பருவம் மிக மோசமாகத் தொடங்கியது. நவம்பரில் பயிற்றுநரை மாற்றி, கிரெய்க் பெரூபேயைத் தற்காலிகமாக அமர்த்தினார்கள். டிசம்பரில் பயிற்சியின்போது சொந்தக் குழுவினர் இருவரே கைகலந்துகொண்டார்கள். 2019 ஜனவரி 3-ஆம் நாள் காலையில், 37 ஆட்டங்கள் ஆடியிருந்த நிலையில், லீக்கின் 31 குழுக்களுள் புளூஸ் கடைசி இடத்தில் கிடந்தது.

நான்கு நாள் கழித்து, ஜோர்டன் பின்னிங்டன் என்னும் 25 வயதுக் கோல் காவலரை முதன்முறையாக ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்தே நிறுத்தினார்கள். 2011-இலேயே குழு அவரைத் தேர்ந்தெடுத்திருந்தது. ஆனால் பல ஆண்டுகளாகக் கீழ்நிலைக் குழுக்களிலேயே அவர் காத்துக்கிடந்தார். முந்தைய பருவத்தில் அவரைப் பாஸ்டனின் கீழ்நிலைக் குழுவுக்கு இரவலாகக்கூடக் கொடுத்திருந்தார்கள். அந்த முதல் ஆட்டத்தில் பிலடெல்பியா ஒரு கோல்கூட அடிக்க அவர் விடவில்லை. மீதமிருந்த 45 ஆட்டங்களில் புளூஸ் 30 ஆட்டங்களை வென்று பிளே-ஆஃப் சுற்றுக்குள் நுழைந்தது.

முதல் சுற்றில் வினிபெக், இரண்டாம் சுற்றில் டல்லஸ். டல்லஸுடன் மூன்றுக்கு இரண்டு என்று பின்தங்கி, கடைசி இரண்டு ஆட்டங்களையும் வென்றார்கள். ஏழாவது ஆட்டத்தின் வெற்றிக் கோலை அடித்த பேட் மரூன் அதே செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்தவர்.

மூன்றாம் சுற்றில் சான் ஹோசே குழுவுடன் மூன்றாவது ஆட்டம். கூடுதல் நேரத்தில் எதிரணி ஆட்டக்காரர் ஒருவர் வட்டைக் கையால் தட்டித் தன் கூட்டாளிக்கு அனுப்பினார். அது விதிக்குப் புறம்பானது. நடுவர்கள் அதைக் கவனிக்கவில்லை, கோல் செல்லுபடியாயிற்று, புளூஸ் தோற்றது. அநீதி என்று முறையிட நியாயம் இருந்தது. ஆனால் பயிற்றுநரும் ஆட்டக்காரர்களும் அதையே பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. அடுத்த மூன்று ஆட்டங்களையும் வென்று அந்தச் சுற்றை முடித்தார்கள்.

இறுதிச் சுற்றில் எதிரே வந்தது அதே பாஸ்டன். முதல் ஆட்டத்தில் தோற்றதும் இறுதிச் சுற்றுத் தோல்விகள் பதின்மூன்று ஆயின. இரண்டாவது ஆட்டத்தில்தான் புளூஸ் தன் வரலாற்றின் முதல் இறுதிச் சுற்று வெற்றியைக் கண்டது. மூன்றாவது ஆட்டத்தில் சொந்த ஊரில் ஏழுக்கு இரண்டு என்று படுதோல்வி. பின்னிங்டனை ஆட்டத்தின் நடுவிலேயே வெளியே அழைத்துவிட்டார்கள். ஆனால் அடுத்த ஆட்டத்தில் பயிற்றுநர் மீண்டும் அவரையே நிறுத்தினார், புளூஸ் வென்றது. ஜூன் 12-ஆம் நாள் பாஸ்டன் அரங்கில் ஏழாவது ஆட்டம். முதல் பகுதியில் பாஸ்டன் இலக்கை நோக்கி அடித்த 12 அடிகளையும் பின்னிங்டன் தடுத்தார். நான்குக்கு ஒன்று என்று புளூஸ் வென்றது. நான்காவது கோலை அடித்தவர் சேக் சான்ஃபோர்ட். டிசம்பரில் பயிற்சியின்போது கைகலந்த இருவருள் ஒருவர் அவர்தாம்.

சில நாள் கழித்து நகரில் நடந்த ஊர்வலத்தில் பாப் பிளேகர் என்னும் 76 வயது முதியவரும் கலந்துகொண்டார். 1967-இல் முதற் குழுவில் ஆடியவர். அண்ணன் பார்க்ளேயும் அவரும் அந்த மூன்று இறுதிச் சுற்றுத் தோல்விகளையும் சேர்ந்தே சுமந்தவர்கள். அண்ணன் 1988-இல் நோயால் இறந்துவிட்டார். தம்பி 52 ஆண்டு காத்திருந்து கிண்ணத்தைக் கண்டு, 2021-இல் மறைந்தார்.

அந்தக் கிண்ணத்தின் கணக்கை இப்போது பார்ப்போம். 2019 பிளே-ஆஃப் சுற்றுகளில் புளூஸ் 16 ஆட்டங்களில் வென்றது. 10 ஆட்டங்களில் தோற்றது. அந்தப் பத்துத் தோல்விகளில் எட்டுக்கு அடுத்த ஆட்டத்திலேயே வெற்றியால் பதில் சொன்னது. தொடர்ந்து மூன்று ஆட்டங்களில் அது எங்கும் தோற்கவில்லை. கிண்ணத்தைக் கொண்டுவந்தது இந்தக் குணம்தான் என்று நாம் கருதுகிறோம்.

தோட்டப் பள்ளிகளில் பணியாற்றும் நாம் இதை எண்ணிப் பார்க்கக் காரணம் உண்டு. ஒரு தேர்ச்சி அறிக்கையைப் பார்த்தவுடனே, "ஐயா, இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று பிள்ளையின் எதிரிலேயே சொல்லிவிடும் பெற்றோரை நாம் காண்கிறோம். ஆசிரியர்களாகிய நாமும் சில வேளைகளில் மனத்துக்குள் அப்படியே முடிவு கட்டிவிடுகிறோம். ஜனவரியில் கடைசி இடம் என்பது ஜனவரியின் கணக்கு மட்டுமே.

கடைசியில் நிற்பவர் எல்லாரும் முதலிடத்துக்கு வந்துவிடுவார்கள் என்று நாம் சொல்லவில்லை. அப்படி நடப்பது அரிது. புளூஸும் வெறும் ஆறுதல் வார்த்தைகளால் எழுந்துவிடவில்லை. பயிற்றும் முறை மாறியது. பின்வரிசையில் காத்திருந்த ஒருவரிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். அவர் ஒருநாள் சறுக்கியபோதும் மறுநாள் அவரையே நம்பினார்கள். நம் வகுப்பில் பின்வரிசையில் இருக்கும் பிள்ளைக்கு நாம் எதை மாற்றினோம், எந்தப் பொறுப்பைக் கொடுத்தோம், சறுக்கிய மறுநாள் அவனை எப்படி அழைத்தோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வது நல்லது.

வென்றபின் துன்பம் தீர்ந்துவிடுவதும் இல்லை. 2025 மே மாதம் வினிபெக் குழுவுடன் ஏழாவது ஆட்டத்தில் கடைசி இரண்டு நிமிடங்கள் வரை புளூஸ் மூன்றுக்கு ஒன்று என்று முன்னணியில் இருந்தது. இறுதிச் சில வினாடிகளில் வினிபெக் சமன் செய்து, இரண்டாம் கூடுதல் நேரத்தில் வென்றுவிட்டது. செயின்ட் லூயிஸ் மக்களுக்கு அது புதிய அனுபவம் அன்று. அடுத்த பருவம் தொடங்கியதும் ஆட்டக்காரர்கள் மீண்டும் பனித்தரையில் இறங்கினார்கள்.

நம் பிள்ளைகளும் தோற்ற மறுநாள் புத்தகப் பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வரவேண்டும். வந்தால் அவர்களுக்கு இடம் இருக்க வேண்டும். அந்த இடத்தைக் காத்துக் கொடுப்பது பெரியவர்களாகிய நம் கடமை.